சுறாவுக்குத் தெரிந்த கிழமை

சுறாவுக்குக் கிழமை தெரியும். இதைச் சொன்ன அன்று ஓர் அறை நிறைய முனைவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்கு ஞாயிறு என்றால் பிரியாணி, மதியத் தூக்கம். கடலுக்கும் ஞாயிறு உண்டு என்பது அந்த அறையில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

முதலில் கடல்வேலியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது. கொம்பன் சுறா அழிந்துகொண்டிருந்தது. தலை சுத்தியல் மாதிரி இரண்டு பக்கமும் நீண்டு, அந்த நுனியில் கண் இருக்குமே, அந்தச் சுறா. இறக்கைக்காக உலகம் முழுக்க அதை அரித்துத் தின்று முடித்திருந்தார்கள். மிச்சம் இருந்ததைக் காப்பாற்ற வந்ததுதான் கடல்வேலி. அகப்பட்ட கொம்பன்களின் முதுகில் டேக் என்கிற சிறு கருவி ஒவ்வொன்று மாட்டிக் கடலில் விட்டோம். கரை நெடுக மிதவைகள். டேக் பேசும், மிதவை கேட்கும், எங்கள் திரையில் ஒரு புள்ளி நகரும். அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம். வட்டத்துக்குள் எந்தப் படகு நுழைந்தாலும் அதன் இன்ஜினில் பொருத்திய பெட்டி கீ கீ என்று கத்தும். கத்தியும் திரும்பாவிட்டால் இன்ஜின் அணைந்துவிடும். சுறா நகர்ந்தால் வட்டமும் நகரும். சுவர் இல்லாத சரணாலயம், தானே நீந்திப் போகிற சரணாலயம்.

நல்ல திட்டம். மனதாரச் சொல்கிறேன். அதில் வேலை கிடைத்தபோது நான் பேருந்து நிலையத்தில் நின்று அழுதேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். புன்னைத்துறையில் கடலைப் படித்தவள் என்று சொல்லிக்கொள்ள என்னைத் தவிர ஆள் கிடையாது. அம்மா கிளாரம்மா சந்தையில் மீன் விற்கிறாள். அப்பா வளைகுடாவில் அடுத்தவன் படகில் வலை இழுக்கிறார். அண்ணன் ஆன்றோவுக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் வள்ளம். அவன் இன்ஜினில் அந்தப் பெட்டியைப் பொருத்தப் போனது நான்தான்.

"இது என்னது பிள்ளே செய்யும்?" என்று கேட்டான்.

"சுறா பக்கத்துல இருந்தா கத்தும்."

"சுறா பக்கத்துல இருந்தா எனக்கும் கத்தத் தெரியும். அதுக்கு எதுக்குலே பெட்டி?" என்றான் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்து. கடற்கரை முழுக்கச் சிரித்தது. நானும்தான். அப்போது சிரிப்பதற்கு இடம் இருந்தது, வட்டங்கள் எல்லாம் தூரத்தில் இருந்தன.

பிறகு புள்ளிகள் எங்கள் ஊர் விரிகுடாவுக்கு வர ஆரம்பித்தன.

சும்மா வரவில்லை. வந்ததெல்லாம் வயிற்றில் குட்டியோடு இருந்த தாய்ச்சுறாக்கள். இளஞ்சூடான, ஆழமில்லாத தண்ணீரில் வந்து கிடந்துவிட்டுப் போயின. எங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவி டாக்டர் மைதிலி தன் அறையில் இருந்து ஓடியே வந்தார். ஆட்களிடம் கறார், சுறாவிடம் கரைந்துவிடுவார், அப்படி ஒரு பெண்மணி. குட்டி ஈனும் இடம் ஒன்று கண்டுபிடித்தால் ஓர் இனமே பிழைத்துக்கொள்ளும் என்றார். எப்போது வருகின்றன, எப்போது போகின்றன என்று பார்க்கும் வேலை எனக்கு வந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை, தேநீர் கூடக் குடிக்காமல், வந்துபோன கணக்கை எல்லாம் ஒரே கோட்டில் போட்டுப் பார்த்தேன். கோடு முள்முள்ளாக எழும்பி இறங்கியது. முள்ளுக்கும் முள்ளுக்கும் ஒரே இடைவெளி. ஏழு நாள்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கடலில் பதினைந்து நாள் கணக்கு உண்டு, மாதக் கணக்கு உண்டு, எல்லாம் நிலாவின் வேலை. ஏழு நாள் கணக்கு நிலாவுக்கும் கிடையாது சூரியனுக்கும் கிடையாது. வாரம் என்பது மனுஷன் உண்டாக்கினது. அதை ஒரு மீன் எப்படித் தெரிந்துகொள்ளும்?

முள் நின்ற இடங்களின் தேதிகளைப் பார்த்தேன். எல்லாம் ஞாயிறு.

நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஒரு வள்ளமும் இறங்காது. மாதா கோயில் மணி அடிக்கும், பூசை நடக்கும், மத்தியானம் கறி வேகும். வலை வெயிலில் காயும். வாரத்தில் அந்த ஒரு நாள் விரிகுடாவில் இன்ஜின் சத்தம் கிடையாது. எங்கள் பாட்டன் பூட்டன் காலத்து வழக்கத்தை வெளியே கடலில் காத்திருந்து ஒரு மீன் கவனித்திருக்கிறது!

இதைச் சொன்னபோதுதான் அவர்கள் சிரித்தார்கள். மைதிலி மேடம் மட்டும் சிரிக்கவில்லை, கேள்வி கேட்டார். மிதவைகளைச் சனிக்கிழமைதானே துடைத்துச் சரிபார்க்கிறோம், ஞாயிறு அன்று அவற்றுக்குக் காது நன்றாகக் கேட்கும், அதனால் புள்ளி அதிகம் தெரிகிறதோ என்னவோ என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. சரியான கேள்வி, அதனால்தான் எரிச்சல்.

இருக்கைக்குத் திரும்பி ஒரே ஒரு சுறாவை எடுத்துக்கொண்டேன். பத்தொன்பதாம் எண். அது ஞாயிறு எங்கள் ஊரில். சரி, மற்ற நாளில் எங்கே? திங்கள் முதல் வியாழன் வரை வெளிக்கடல். வெள்ளிக்கிழமை கிழக்கே சதக்குபட்டினம். அதற்கு முந்தைய வெள்ளியும் அங்கேதான். அதற்கு முந்தைய வெள்ளியும்.

சதக்குபட்டினத்தில் மிதவைகளைப் பராமரிக்கிறவள் ஜொஹரா, என்னோடு கல்லூரி விடுதியில் இருந்தவள். போனைப் போட்டு, உங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை கடலுக்குப் போவார்களா என்று கேட்டேன்.

"கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு? ஜும்மா அன்னிக்கு எவன் போவான்? எங்க வாப்பா காலை ஒடிச்சிருவாரு," என்றாள்.

"மிதவை என்னைக்குடி துடைப்பீங்க?"

"செவ்வாய்க்கிழமை. ஏன்டி? ஏய், எதுக்கு இப்படிக் கத்துற?"

கத்தத்தான் செய்தேன். அங்கே மிதவை துடைப்பது செவ்வாய், சுறா வருவது வெள்ளி. வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் கரையில் ஓய்வு, ஞாயிற்றுக்கிழமை கோயில் கரையில் ஓய்வு. அந்தப் பத்தொன்பதாம் எண் ரெண்டு ஊர் வழக்கத்தையும் தெரிந்து வைத்துக்கொண்டு கடலில் நடந்துகொண்டிருந்தது. வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் ஓடினேன். மேடம் அதை மேசையில் விரித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார். பிறகு எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்த நிலையத்தில் என்னைத் தொட்டுப் பேசிய முதல் ஆள் அவர்தான்.

என் கணக்கு என்னவென்றால், கடல்வேலி ஆணையம் எங்கள் விரிகுடாவை நிரந்தரமாக மூடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. இந்த வரைபடத்தைக் காட்டினால், இந்த ஊர்க்காரர்கள் தெரியாமலே சுறாவைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களை அப்படியே விட்டுவிடுங்கள் என்று சொல்லலாம். ஆன்றோவின் வள்ளம் தப்பிக்கும். அப்படித்தான் நினைத்தேன். எவ்வளவு படித்தாலும் மேலே இருக்கிறவன் ஒரு படத்தை எப்படிப் பார்ப்பான் என்பது மட்டும் பாடத்தில் வரவில்லை.

ஆணையத்தின் கூட்டம் முடிந்து மேடம் வந்தார். முகம் பிரகாசமாக இருந்தது.

"ஒரு நாள் அமைதியா இருந்ததுக்கே இத்தனை தாய்ங்க வருதுன்னா, ரெஜிலா, ஏழு நாளும் அமைதியா இருந்தா?"

"ஏழு நாளும் அமைதியா இருந்தா ஊர்ல அடுப்பும் அமைதியா இருக்கும் மேடம்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். முதலில் மூன்று மாதம் மட்டும் சோதனைதான், வெற்றி பெற்றால் நிரந்தரம், ஊருக்கு வேறு ஏற்பாடு யோசிப்பார்கள் என்றார். நான் மேசையைத் தட்டிப் பேசினேன். ஞாயிறை அவர்கள் கொடுக்கிறார்கள், மீதி ஆறையும் பிடுங்குவது என்ன நியாயம் என்று கேட்டேன். உணர்ச்சிவசப்படாதே, நீ இப்போது ஊர்க்காரி இல்லை, விஞ்ஞானி என்றார். சம்பளப் பட்டியலில் மட்டும் அந்த வார்த்தை எனக்கு இல்லை. நான் அங்கே திட்டப் பணியாளர்.

உத்தரவின் முதல் பக்கத்தில் என் வரைபடம் இருந்தது. முள்முள்ளாக, அழகாக.

ஒரு திங்கட்கிழமை விடிந்தபோது புன்னைத்துறையில் எந்த இன்ஜினும் கிளம்பவில்லை, பெட்டிகள் பூட்டிவிட்டிருந்தன. கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு ஆண்கள் மணலில் உட்கார்ந்தார்கள். இரண்டு வாரத்தில் அவர்களும் இல்லை. ஆளுக்கொரு பையோடு கொச்சிப் பக்கம் பெரிய விசைப்படகுகளில் கூலிக்குப் போய்விட்டார்கள். ஆன்றோவும் போனான். போகும்போது என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. வள்ளத்தை மட்டும் தார்ப்பாயால் மூடி வை என்று சொல்லிவிட்டுப் போனான். அம்மா பக்கத்துத் துறைக்குப் பேருந்தில் போய் மீன் எடுத்து விற்றாள். என்னிடம் பேசுவதை நிறுத்தியிருந்தாள். பேசியபோதும் ஒன்றுதான் கேட்டாள்.

"உன்னைப் படிக்க வச்சது நமக்க வள்ளத்தைக் கட்டிப்போடவா பிள்ளே?"

தார்ப்பாயின் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

ஆனால் இதையும் மறைக்க மாட்டேன். அந்த முதல் வாரங்களில் திரையைப் பார்க்கும்போது என் நெஞ்சு துள்ளியது. செவ்வாய்க்கிழமை புள்ளிகள் வந்தன. புதனும் வந்தன. விரிகுடா நிறையப் புள்ளிகள். தாய்கள் குட்டி போட்டன. முழங்கை நீளக் குட்டிகள், அதே கோணல் தலையோடு, பார்க்கச் சிரிப்பு வரும். ஈரத்துணியில் அவற்றைப் பிடித்து, நகத்தளவு டேக் மாட்டி நானே தண்ணீரில் விட்டேன். ஒன்று என் பெருவிரலைக் கவ்விவிட்டுப் போனது. ஊர் பட்டினி, எனக்குக் கையில் சுறாக்குட்டி, இரண்டும் ஒரே நேரத்தில். அதை எந்தத் தட்டில் வைத்து எப்படி நிறுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு ஒரு நாள் காலை பத்துமணி வாக்கில் மேடம் என்னைச் சத்தமாகக் கூப்பிட்டார்.

திரையில் ஆறு குட்டிகளின் புள்ளிகள் விரிகுடாவை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தன. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஒரே திசையில், ஒரே வேகத்தில்.

"கூட்டமா ஆழ்கடலுக்குப் போறாங்க பாரு. பிறந்து ஒரு மாசத்துல! இதை உலகத்துல யாரும் பார்த்ததில்ல," என்றார். ஆணையத்துக்குப் போன் போடச் சொன்னார். அறைக்குள் ஆட்கள் கூடினார்கள், கை தட்டினார்கள்.

எனக்கும் முதலில் துள்ளத்தான் செய்தது. ஆனால் எனக்குச் சந்தோஷம் வந்தால் கூடவே சந்தேகமும் வரும், வளர்ந்த விதம் அப்படி. குட்டி நீந்தினால் விலகும், சேரும், பின்தங்கும். இந்த ஆறும் ஓர் அடி கூட விலகவில்லை. டேக்கில் வெளிச்சம் அளக்கும் கண் ஒன்று உண்டு. அதைத் திறந்தேன்.

வெளியே பட்டப்பகல். ஆறும் இருந்தது தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இரண்டாள் ஆழத்தில். அங்கே பளிச்சென்று இருக்க வேண்டும். ஆறு கண்ணும் காட்டியது ஒரே இருட்டு.

"மேடம், போனை வைங்க."

"ஏன்?"

"அதுங்க நீந்தல. ஆறும் ஒரே வயித்துக்குள்ள கிடக்கு."

கை தட்டல் நின்றது. மேடம் குனிந்து வெளிச்சக் கணக்கைப் பார்த்தார், ஒருமுறைக்கு இருமுறை. அந்த வேகம், அந்த வயிற்றின் கொள்ளளவு, எல்லாம் அவருக்கே தெரியும். நான் சொல்ல வேண்டியதில்லை.

"புலிச்சுறா," என்றார், வாய்க்குள்ளேயே.

"அதுக்கு ஏன் மேடம் திரையில புள்ளி இல்ல?"

"அது நாம காப்பாத்துற பட்டியல்ல இல்லையே. அதுக்கு நாம டேக் மாட்டலையே."

அப்போதுதான் எல்லாம் எனக்கு விளங்கியது. இத்தனை காலம் இந்த விரிகுடாவுக்குள் புலிச்சுறா ஏன் வரவில்லை? ஆறு நாளும் எங்கள் ஆட்கள் இன்ஜினை முடுக்கி அதை விரட்டிக்கொண்டிருந்தார்கள், விரட்டுகிறோம் என்று தெரியாமலே. ஞாயிறு ஒரு நாள் அமைதியில் தாய் உள்ளே வந்து கிடக்கும், குட்டியை விட்டுப் போகும். அந்த ஒரு நாளில் புலிச்சுறாவுக்குத் துணிச்சல் வருவதற்குள் திங்கள் விடிந்துவிடும். தாயை உள்ளே விடுவது அமைதி. குட்டியைக் காப்பது இரைச்சல். கொம்பன்கள் தேடி வந்தது வெறும் ஓய்வை இல்லை, ஆறு நாள் உழைத்துவிட்டு ஒரு நாள் ஓய்கிற ஊரை. நாங்கள் அதில் பாதியைப் பிடுங்கி எறிந்துவிட்டோம்.

நான் இதைச் சொல்லச் சொல்ல மேடம் போனை எடுத்தார். இன்ஜின்களைத் திறந்துவிடச் சொல்லி ஆணையத்திடம் கெஞ்சினார். அவர் கெஞ்சி நான் பார்த்ததில்லை. குழு கூட வேண்டும், அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம் என்று அந்தப் பக்கம் சொன்னார்கள். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே திரையில் அந்த ஆறு புள்ளிகளும் மெல்ல வளைந்து திரும்பின. விரிகுடாவைப் பார்த்து. தின்றது ருசித்துவிட்டது.

நான் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அம்மா, வள்ளத்தை எறக்கணும். இப்பமே."

"இன்ஜினுக்குப் பூட்டுப் போட்டது ஆரு?"

"பூட்டு இன்ஜினுக்குத்தான். துடுப்புக்கு இல்ல. உள்ள போய் வள்ளத்துப் பக்கவாட்டுல அடிச்சு இரைச்சல் போட்டா போதும். பெரிய சுறா ஒண்ணு குட்டிகளைத் திங்க வருது."

சந்தையில் யாரிடமோ மீன் தட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அம்மா மறுபடியும் போனுக்கு வந்தாள்.

"சுறாக்குட்டிக்குன்னா உனக்கு இந்தப் பதற்றம். ஆன்றோ பையைத் தூக்கிட்டுப் போவும்போ எங்க போச்சு இது?"

"அப்பமும் பேசினேன் அம்மா. கேக்க ஆள் இல்ல. இன்னைக்குக் குட்டி செத்தா, அந்த ஊர்க்காரங்கதான் என்னமோ பண்ணிட்டாங்கன்னு எழுதி விரிகுடாவை நிரந்தரமா மூடிருவாங்க. இன்னைக்கு உங்க இரைச்சலுக்கு அந்தச் சுறா திரும்பிப் போச்சுன்னா, வள்ளம் வேணும்னு அவங்களே எழுதணும். ஆன்றோ திரும்பி வரணும்னா இது ஒண்ணுதான் வழி."

போன் அணைந்தது. வருவாளா மாட்டாளா என்று தெரியவில்லை. மேடம் கார்ச் சாவியை எடுத்துவிட்டிருந்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடற்கரையில் பெண்கள் கூட்டம். எங்கள் ஊரில் பெண்கள் வள்ளத்தில் ஏறும் வழக்கம் கிடையாது. மணலோடு எங்கள் எல்லை முடியும். ஆனால் ஏறுவதற்கு ஆண்கள் எங்கே இருந்தார்கள்? மிஞ்சியிருந்த ததேயு மாமா, ஊர்க்கமிட்டித் தலைவர், வள்ளத்தை மறித்து நின்றுகொண்டு பொம்பளை ஏறினால் வள்ளம் விளங்காது என்று கத்திக்கொண்டிருந்தார்.

"இப்பம் மட்டும் விளங்குதாக்கும்? ரெண்டு மாசமா மணல்ல கிடக்கு," என்றாள் அம்மா. மாமாவை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு ஆன்றோவின் வள்ளத்தில் இருந்த தார்ப்பாயை உருவினாள். அதன் பிறகு மாமாவும் ஒன்றும் சொல்லவில்லை. தள்ள வந்து நின்றார்.

பத்துப் பதினைந்து வள்ளம் இறங்கியிருக்கும். துடுப்புப் போடத் தெரியாமல் ஒரு வள்ளம் சுற்றிச் சுற்றி நின்ற இடத்திலேயே நின்றது, அதைப் பார்த்து மற்ற வள்ளக்காரிகள் கிண்டலடித்தார்கள். நான் மடியில் டேப்லெட்டோடு அம்மாவின் வள்ளத்தில். மேடம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் ஏறிவிட்டார். விரிகுடாவின் வாயில் குறுக்கே வரிசையாக நின்றோம். திரையில் ஆறு புள்ளிகளும் நேராக எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தன. உள்ளே சிதறிக் கிடந்தன மிச்சமிருந்த குட்டிகளின் புள்ளிகள்.

"அடிங்கம்மா," என்றேன்.

அடித்தார்கள். துடுப்பால், கட்டையால், மீன் சட்டியால், அரிவாள்மணைக் கட்டையால். ரெண்டு மாதத்துக் கோபம் முழுக்க ஃபைபரில் இறங்கியது. உள்ளே உட்கார்ந்திருந்த எனக்கு முதுகெலும்பு அதிர்ந்தது. மேடத்தின் கையில் ஒன்றும் இல்லை. பையில் இருந்த எவர்சில்வர் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தார். மூடி பறந்து கடலில் விழுந்தது, அவர் நிறுத்தவில்லை.

புள்ளிகள் வந்தன. இன்னும் வந்தன. எங்களுக்கு முன்னால் தண்ணீர் சாதாரணமாகத்தான் இருந்தது, பச்சையாக, வெயிலில் மின்னிக்கொண்டு. நான் திரையை மட்டும் பார்த்தேன். தின்னப்பட்ட குட்டிகளின் டேக்குகள் தின்றவன் எங்கே வருகிறான் என்று வயிற்றுக்குள் இருந்தே காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தன.

"எங்க பிள்ளே?" என்று அம்மா கேட்டாள்.

"நேரா. நம்ம முன்னால."

அம்மா பக்கத்து வள்ளங்களுக்குக் கையைக் காட்டினாள். எல்லோரும் ஒரே சேர, ஒரே தாளத்தில். டொம். டொம். டொம். கரையில் நின்ற ததேயு மாமா எதற்கு என்று தெரியாமலே கோயில் மணியை வேறு அடிக்க ஆரம்பித்தார். அது தண்ணீருக்குள் கேட்காது என்று அவருக்கு யார் சொல்வது?

புள்ளிகள் நின்றன.

நின்று, ஒரு மூச்சு விடுகிற நேரம் அசையாமல் இருந்து, ஆறும் ஒன்றாக வலது பக்கம் வளைந்து, வந்ததைவிட வேகமாக வெளிக்கடலுக்குப் போயின. நான் எழுந்து குதித்ததில் வள்ளம் ஆடியது. உட்காருடி என்று அம்மா என் தலையில் ஓர் அடி போட்டாள். ரெண்டு மாதத்துக்குப் பிறகு அவள் என்னைத் தொட்டது அது. மேடம் நசுங்கிப்போன பாட்டிலை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார், அடிப்பதை நிறுத்தாமல்.

அந்தப் பதிவை மேடம் ஆணையத்தின் மேசையில் ஓட்டிக் காட்டினார். ஆறு புள்ளிகள், ஒரு வரிசை வள்ளம், ஒரு திருப்பம். விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. விரிகுடா திறந்தது. ஆன்றோ கொச்சியிலிருந்து வந்து வள்ளத்தைத் தடவிப் பார்த்து, பக்கவாட்டில் இத்தனை பள்ளம் யார் போட்டது என்று கேட்டான். நான் அம்மாவைக் கைகாட்டினேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் சந்தோஷமாக முடித்திருப்பேன். மேலே இருக்கிறவர்கள் ஒன்றைப் புரிந்துகொண்டால் அதை முழுதாகப் புரிந்துகொண்டு விடுகிறார்கள், அதுதான் தொல்லை. ஒரு மாதத்தில் புதிய விதி வந்தது. புன்னைத்துறையின் வள்ளங்கள் இனி பாதுகாப்புச் சாதனங்கள். ஞாயிறு தவிர ஆறு நாளும் விரிகுடாவில் இவ்வளவு இரைச்சல் இருந்தே ஆக வேண்டும். குறைந்தால் மிதவை கண்டுபிடிக்கும், எல்லா வள்ளத்துப் பெட்டியும் புறப்படு புறப்படு என்று கத்தும். நேற்று வரை எங்களைச் சுற்றி வேலி போட்டார்கள். இன்றைக்கு எங்களையே வேலி ஆக்கிவிட்டார்கள்.

"நேத்து போவாதன்னான். இன்னைக்கு இருக்காதங்கான். இவனுவளுக்கு நம்மள மனுஷனாப் பாக்கவே தெரியாதா பிள்ளே?" என்றாள் அம்மா. நான் ஆணையத்துக்கு எழுதினேன், கோபமாகவே எழுதினேன். பதில் வரவில்லை.

அடுத்த வியாழக்கிழமை ததேயு மாமா மகளுக்குக் கல்யாணம். ஊரில் கல்யாணம் என்றால் எவனும் கடலுக்குப் போகமாட்டான். மைதிலி மேடமும் பட்டுச்சேலையில் வந்து எனக்குப் பக்கத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தார். பப்படத்தை நொறுக்கிப் பாயசத்தில் போட்டுச் சாப்பிட அம்மா அவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கரையில் இருந்து அத்தனை பெட்டிகளும் கத்த ஆரம்பித்தன.

மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். ஆன்றோவும் இன்னும் நாலைந்து பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து போனார்கள். கடலுக்குத்தான் போகிறார்கள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் கத்தல் அடங்கியது. அவர்கள் முழங்கால் வரை நனைந்து திரும்பி வந்து மறுபடியும் இலை முன்னால் உட்கார்ந்தார்கள். பெட்டிகளை எல்லாம் கழற்றி, பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, கல்லோடு விரிகுடாவுக்குள் இறக்கிவிட்டு வந்தோம் என்றான் ஆன்றோ. கத்துறதை அங்கேயே கத்தட்டும்.

நான் போனில் திரையைத் திறந்தேன். விரிகுடாவின் இரைச்சல் அளவு முழுப் பச்சை. பெட்டிகளின் கத்தலே மிதவைக்கு இன்ஜின் இரைச்சலாகக் கேட்டு, அளவு விதியைத் தாண்டியே இருந்தது.

உடனே மேடத்தின் போன் அடித்தது. ஆணையத்திலிருந்து. புன்னைத்துறையில் திடீரென்று அளவு இறங்கி ஏறியதே, வள்ளங்கள் இறங்கிவிட்டனவா என்று அந்தக் குரல் கேட்பது எனக்கே கேட்டது. மேடம் பந்தியை நிமிர்ந்து பார்த்தார். ஊர் முழுக்க அங்கே இருந்தது. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அளவைப் பற்றி ஒரு புள்ளி கூட மாற்றிச் சொல்லாத மனுஷி. ஒரு முறை நான் தசமப் புள்ளியைத் தள்ளிப் போட்டதற்கு ஒரு வாரம் பேசாமல் இருந்தவர்.

"இரைச்சல் அளவு விதிப்படி சரியா இருக்கு சார்," என்றார். "நான் நேர்லதான் இருக்கேன்."

போனைக் கவிழ்த்து இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, இன்னொரு பப்படம் கிடைக்குமா என்று அம்மாவிடம் கேட்டார்.